நக்கர் ரோரிக் இல்லம்: முதல்முறை போகிறவர்களுக்கு

மணாலிக்குப் போகும் நம் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் நக்கர் என்ற ஊர் இடம்பெற்றால், பக்கத்தில் "அரை நாள்" என்று எழுதியிருக்கும். கார் கோட்டை வாசலில் நிற்கும். மரத் தாழ்வாரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நேரம் மிச்சமிருந்தால் ஓட்டுநர் மேலே ரோரிக் ஓவியக் கூடத்துக்கு அழைத்துப் போவார். அங்கே இருபது நிமிடம், பிறகு மதியச் சாப்பாட்டுக்கு மணாலி. இப்படிப் போய்வந்த பலர் "அங்கே பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இருபது நிமிடத்தில் எந்த வீடும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஆகவே முதல் யோசனையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நக்கரிலேயே தங்குங்கள். ஓர் இரவாவது, முடிந்தால் இரண்டு. ரோரிக் இல்லத்துக்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள். மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

யார் வீடு அது?

நிக்கோலஸ் ரோரிக் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1874இல் பிறந்தவர். ஓவியர், தொல்லியல் ஆர்வலர், எழுத்தாளர். 1913இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்குப் பாரிஸில் அரங்கேறி, அரங்கத்தையே கொந்தளிக்க வைத்த புகழ்பெற்ற பாலே நடனத்துக்கு மேடைத் திரைகளையும் உடைகளையும் வடிவமைத்தவர் இவர்தான். ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு விலகியிருந்த குடும்பம் 1923 இறுதியில் இந்தியா வந்தது. பிறகு லடாக், சின்ஜியாங், அல்தாய், மங்கோலியா, திபெத் என்று சில ஆண்டுகள் நீண்ட ஒரு பயணம். திபெத்தின் பீடபூமியில் 1927–28 குளிர்காலத்தில் அதிகாரிகள் இவர்களை மேலே போக விடாமல் மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தினார்கள். கோடைக்கான கூடாரங்களில் கடுங்குளிரைக் கழித்தார்கள். உடன்வந்தவர்களில் சிலரும், சுமை விலங்குகளில் பெரும்பகுதியும் மடிந்தன. அங்கிருந்து மீண்டு வந்த குடும்பம் 1928 டிசம்பரில் குலு பள்ளத்தாக்கின் இந்த வீட்டில் குடியேறியது. ரோரிக் தம் கடைசி மூச்சுவரை, 1947 வரை, இங்கேதான் வாழ்ந்தார்.

வீட்டில் இருந்த நால்வரையும் தெரிந்துகொண்டு போனால் அறைகளுக்கு அர்த்தம் கிடைக்கும். மனைவி ஹெலெனா தத்துவ எழுத்தாளர். கணவர் இறந்த பிறகு காலிம்போங்குக்குப் போய் 1955இல் அங்கே காலமானார். மூத்த மகன் ஜார்ஜ் திபெத்திய மொழி அறிஞர். இளைய மகன் ஸ்வெதொஸ்லாவ் தந்தையைப் போலவே ஓவியர். பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் உள்ள நேருவின் உருவப்படம் அவர் வரைந்ததுதான். இந்த இளைய மகன்தான் 1945இல் நடிகை தேவிகா ராணியை மணந்தார். இந்தித் திரையுலகின் முதல் பெரும் நட்சத்திரம், தாதாசாகேப் பால்கே விருதை முதன்முதலாகப் பெற்றவர். பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விசாகப்பட்டினத்தில். திருமணத்துக்குப் பின் திரையுலகைவிட்டு முழுவதுமாக விலகி, சில ஆண்டுகள் குலுவிலும் பிறகு பெங்களூருவுக்கு வெளியே தாதகுணி பண்ணையிலும் வாழ்ந்தார்.

புறப்படும் முன் ஒரு வேலை

ஹிமாச்சலம் போகும்வரை காத்திருக்காமல் ரோரிக்கின் ஓவியங்களை இங்கேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலுள்ள ஸ்ரீசித்ரா ஓவியக் கூடம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ரவி வர்மாவின் படங்களுக்காக அந்த வளாகத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கூடத்தில் தந்தை, மகன் இருவரின் படங்களும் இருப்பதைக் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர், வேலூர்க்காரர்களுக்குப் பெங்களூரு சித்ரகலா பரிஷத் பக்கம். அங்கேயும் இருவருக்கும் இடம் உண்டு.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ரோரிக்கின் மலைகளை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு அந்த நிறங்கள் மிகையாகத் தோன்றும். ஊதா நிறத்தில் மலை இருக்குமா, பனி இளஞ்சிவப்பாக இருக்குமா என்று மனம் கேட்கும். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நக்கர் போனால், பதில் அங்கே வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும்.

எப்போது போவது?

ஏப்ரல் முதல் ஜூன் பாதி வரை நல்ல காலம். ஆனால் மே, ஜூனில் வடநாட்டுப் பள்ளி விடுமுறை என்பதால் மணாலிச் சாலை வண்டிகளால் திணறும். என் தேர்வு செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் நடு வரை. மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் போனால் ஆப்பிள் அறுவடையின் கடைசி நாட்களையும் பார்க்கலாம். அக்டோபர் 9 ரோரிக்கின் பிறந்த நாள். அதையொட்டி ரஷ்யாவிலிருந்து அன்பர்கள் வருவார்கள். விஜயதசமியன்று மற்ற ஊர்களில் முடியும் தசரா, குலுவில் அன்றுதான் தொடங்கி ஒரு வாரம் நடக்கும். பள்ளத்தாக்கின் கிராம தெய்வங்கள் எல்லாம் பல்லக்கில் குலு மைதானத்துக்கு வந்து சேரும். காண வேண்டிய திருவிழாதான், ஆனால் அந்த வாரத்தில் அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறிவிடும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போகாதீர்கள். நிலச்சரிவும் பியாஸ் ஆற்று வெள்ளமும் அங்கே விளையாட்டான விஷயம் அல்ல. 2023 ஜூலை வெள்ளம் சாலைகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று இந்த மாதங்களில் குழந்தைகளோடும் முதியவர்களோடும் புறப்படுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை பனி விழும். வீடும் மரங்களும் வெள்ளையாக நிற்பது அழகு. ஆனால் கோட்டையிலிருந்து மேலே ஏறும் சாலை வழுக்கும், குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும்.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. நக்கர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியைவிடத் தாழ்வான ஊர்தானே என்று மெல்லிய ஸ்வெட்டரோடு கிளம்பிவிடாதீர்கள். வடக்கே அவ்வளவு தள்ளி இருப்பதாலும் பக்கத்திலேயே பனிமலைகள் நிற்பதாலும் அக்டோபரிலேயே இரவு நடுங்க வைக்கும். உயரத்தால் வரும் மூச்சுத் திணறலுக்கு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

போய்ச் சேரும் வழி

ரயிலோ விமானமோ, முதலில் டெல்லி அல்லது சண்டிகர். மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி ரயில் உண்டு. தினமும் ஓடாது என்பதால் கிழமை பார்த்துத் திட்டமிடுங்கள். டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து மாலையில் கிளம்பும் மணாலி வால்வோ பஸ்கள் மறுநாள் காலையில் பள்ளத்தாக்கை அடையும். சண்டிகரிலிருந்து ஏறினால் பயணம் பாதியாகக் குறையும். குலுவுக்கு அருகே புந்தரில் சிறிய விமான நிலையம் இருக்கிறது. குறுகிய பள்ளத்தாக்கு என்பதால் வானிலை கெட்டால் விமானம் ரத்தாகும். அதை நம்பி அடுத்த இணைப்புப் பயணத்தை நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம். பஸ்ஸில் மணாலி வரை போகாதீர்கள். குலுவைத் தாண்டி மணாலிக்கு முன்பாகப் பத்லிகுல் என்ற ஊர் வரும். அங்கே இறங்கி, பாலத்தில் பியாஸைக் கடந்து, எதிர்க்கரையில் சுமார் 6 கிலோமீட்டர் ஏறினால் நக்கர். டிக்கெட் எடுக்கும்போதே இறங்குமிடம் பத்லிகுல் என்று சொல்லிவிடுங்கள். விடிகாலையில் நடத்துநர் மறந்துவிடலாம், நீங்களும் தூங்கிவிடலாம். எனவே கைபேசி வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குலு தாண்டியதும் விழித்திருங்கள். பத்லிகுலில் டாக்சியும் ஆட்டோவும் கிடைக்கும்.

மணாலியில் தங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் ஆற்றின் இடது கரைச் சாலையில் ஓடும் உள்ளூர் பஸ்ஸில் வரலாம். சுமார் 20 கிலோமீட்டர். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வரும் இந்தச் சாலை, எதிர்க்கரை நெடுஞ்சாலையைவிடப் பல மடங்கு இனியது. நக்கர் பஸ் நிறுத்தம் ஊரின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோட்டைக்குச் செங்குத்தான ஏற்றம். கோட்டையிலிருந்து ரோரிக் இல்லத்துக்கு இன்னொரு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே போகும்போது வண்டி பிடித்துக்கொண்டு, இறங்கும்போது மெதுவாக நடந்து வாருங்கள். வழியிலுள்ள கோயில்களும் அப்போதுதான் வரிசையாக வரும்.

தங்குமிடம்

கோட்டையே ஹிமாச்சல அரசின் சுற்றுலாக் கழகம் நடத்தும் பாரம்பரிய விடுதியாக இருக்கிறது. பழைய மரக் கட்டடத்தில் ஓர் இரவு தூங்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆற்றைப் பார்த்த அறை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கோட்டைக்கும் ரோரிக் இல்லத்துக்கும் இடைப்பட்ட சாலையில் சிறு விடுதிகளும் வீடுகளில் வாடகை அறைகளும் உள்ளன. அறை பார்க்கும்போது கேட்க வேண்டியவை இரண்டே: வெந்நீர் எந்த நேரம் வரும், இரவில் கூடுதல் ரஜாய் கிடைக்குமா. ரஜாய் என்பது நம் ஊரில் காணக் கிடைக்காத கனமான பஞ்சுப் போர்வை, ஒன்று போதாது.

ரோரிக் இல்லத்தில் ஒரு காலை

காலை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். மதிய உணவுக்கு இடையில் மூடுவார்கள். திங்கள்கிழமை விடுமுறை. குளிர்காலத்தில் மாலை சீக்கிரமே மூடிவிடும். விடுமுறை நாட்களில் மாற்றம் இருக்கக்கூடும் என்பதால் முதல் நாள் மாலையே விடுதிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்சி ஓட்டுநர்களிடம் "ரோரிக் ஆர்ட் காலரி" என்றால் புரியும்.

காலையில் போகச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. நக்கர் ஆற்றின் கிழக்குச் சரிவில், மேற்கே பார்த்து அமர்ந்திருக்கிறது. சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலுள்ள மலையைத் தாண்டித்தான் வர வேண்டும். எனவே நாம் நிழலில் நிற்கும்போதே எதிர்க்கரைச் சிகரங்களில் வெயில் விழுந்துவிடும். முதலில் உச்சி மட்டும் செம்மையாகும், அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே கருநீலம், அடியில் ஆற்றின் மேல் வெண்மூட்டம். பிற்பகலில் மேகம் திரண்டு இவற்றில் பாதியை மறைத்துவிடும். விடிந்ததும் விடுதி மாடியில் நின்று இதைப் பாருங்கள். பத்து மணிக்கு ஓவியக் கூடத்துக்குள் நுழையும்போது அதே நிறப் பட்டைகள் சட்டங்களுக்குள் இருக்கும். மிகை என்று நினைத்த ஊதா நிறம் அந்த மனிதர் தினமும் கண்ட காட்சி என்பது அப்போது தெளிவாகும்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், வீட்டின் கீழ்த்தளத்தில் ஓவியங்கள். செருப்பை வெளியே விட வேண்டும். கல்லும் மரமுமான தரை காலைக் கடிக்கும். கம்பளிக் காலுறையை வற்புறுத்தியது இதற்காகத்தான். உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது. இதை ஒரு நன்மையாகவே நான் எண்ணுகிறேன். கைபேசி பையில் கிடந்தால்தான் கண் வேலை செய்யும்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி. முதல் சுற்றில் பெயர்ப் பலகைகளைப் படிக்காமல் எல்லாப் படங்களையும் ஒருமுறை கடந்து போங்கள். உங்களை நிறுத்தி வைக்கும் ஒரே ஒரு படத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் நேராக அதனிடம் வந்து, முதலில் தள்ளி நின்றும் பிறகு நெருங்கியும் பாருங்கள். ரோரிக் பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தைத் தவிர்த்து, நீர் கலந்து பூசும் டெம்பரா வண்ணத்தில் வரைந்தார். அதில் பளபளப்பு இருக்காது. சுண்ணாம்புச் சுவர்போல் ஒளியை உள்வாங்கி மங்கலாகத் திருப்பித் தரும். தள்ளி நின்றால் பெரும் மலையாகத் தெரிவது, அருகே போனால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டையான நிறப் பரப்புகளாகப் பிரியும். நிழலுக்குக் கறுப்பைக் கொட்டாமல், ஒரு நீலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நீலத்தை வைத்தே ஆழத்தைக் கொண்டுவந்திருப்பார். பல படங்களின் அடியோரத்தில் மிகச் சிறிதாக ஒரு மனித உருவம் இருக்கும், தேடிப் பாருங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் அந்தத் தேடலை அவர்களிடம் ஒப்படைத்துவிடலாம். அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள், சலிப்பும் வராது.

ஸ்வெதொஸ்லாவின் படங்களும் இருக்கின்றன. தந்தையின் உலகில் மலைதான் நாயகன் என்றால், மகனுக்கு மனிதர்கள். இரண்டையும் அவசரமாகக் கலந்துவிடாமல் தனித்தனியாகப் பாருங்கள்.

அடுத்து மேல்தளம். குடும்பம் வாழ்ந்த அறைகள் பழையபடியே காக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே நுழைய முடியாது. வெளிப்புற மரத் தாழ்வாரத்தில் சுற்றி வந்து கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் வேகம் எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இங்கே நிதானியுங்கள். கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலிப்பதால் முதலில் உங்கள் முகமும் மலையும்தான் தெரியும். இரு கைகளையும் கண்ணோரம் மறைப்பாக வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள்; மேசை, நாற்காலி, புத்தக அடுக்கு என்று அறை மெல்லத் துலங்கும். ரோரிக் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான ஓவியங்கள் வரைந்தவர். ஓய்வெடுக்க மலைக்கு வந்த செல்வந்தரின் பங்களாவாக இதைப் பார்த்தால் எதுவும் ஒட்டாது. நான்கு பேர் ஒழுங்காக எழுந்து, எழுதி, வரைந்து, கடிதங்களுக்குப் பதில் போட்ட உழைப்புக் கூடம் இது.

1942 மே மாதத்தில் நேரு தம் மகள் இந்திராவோடு வந்து இங்கே தங்கினார். நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம். சில மாதங்களில் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் தொடங்கி நேரு சிறைக்குப் போனார். அந்தக் குறுகிய இடைவெளியில் ரஷ்ய, இந்தியப் பண்பாட்டு உறவுகள் பற்றி இந்த வீட்டில் பேச்சு நடந்தது, ஸ்வெதொஸ்லாவ் நேருவை வரைந்தார்.

வெளியே வந்ததும் குடும்பம் பயன்படுத்திய பழைய கார் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அருகே மரத்தடியில் கற்சிலைகள். நடுநாயகமாகக் குதிரைமேல் அமர்ந்திருப்பவர் கூகா சவுகான், பள்ளத்தாக்கின் காவல் தெய்வங்களில் ஒருவர். ரோரிக் இவரைப் பெரிதும் மதித்தார், படமாகவும் வரைந்திருக்கிறார். குதிரைவீரக் காவல் தெய்வம் என்றதும் நம் ஐயனார் நினைவுக்கு வருவது இயல்பு. சிலையின்மேல் குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுப்பதைக் கண்டிருக்கிறேன். அது கும்பிடும் தெய்வம், அப்படிச் செய்யாதீர்கள்.

வீட்டுக்குக் கீழே படிகளில் இறங்கினால் ஒரு சிறிய வெளி, அதில் செதுக்காத பெரும்பாறை. இதைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் அதிகம், வழிகாட்டிகளும் சொல்வதில்லை. 1947 டிசம்பர் 13 அன்று காலமான ரோரிக்கை இரண்டு நாள் கழித்து இங்கேதான் எரியூட்டினார்கள். பாறையில் பொறித்திருக்கும் வாசகம் அவரை மகரிஷி என்றும் இந்தியாவின் பெரு நண்பர் என்றும் சொல்கிறது. எரியூட்டிய நாளை விக்கிரம ஆண்டு 2004, மகர் மாதம் 30 என்று உள்ளூர்க் கணக்கிலும் குறித்திருக்கிறார்கள். ரஷ்யாவில் பிறந்த ஒருவரின் இறுதிக் கல்லில் "ஓம் ராம்" என்று முடிகிறது. இறங்கி ஏறுவதற்குச் சிரமப்படாதவர்கள் அவசியம் போங்கள்.

மேலே உருஸ்வதி

டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். அதே டிக்கெட்டில் சற்று மேலே உள்ள உருஸ்வதியையும் பார்க்கலாம். தேவதாரு மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஏற வேண்டும். ரோரிக் குடும்பம் 1928இல் டார்ஜிலிங்கில் தொடங்கிக் குலுவுக்குக் கொண்டுவந்த இமாலய ஆய்வு நிறுவனம் அது. ஜார்ஜ் அதன் இயக்குநர். மூலிகைகள் சேகரித்தார்கள், திபெத்திய மருத்துவத்தை ஆராய்ந்தார்கள், உலகின் பல பல்கலைக்கழகங்களோடு நூல்களைப் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் வெளிநாட்டுத் தொடர்பும் பணமும் வற்றி நிறுவனம் முடங்கியது. இன்று அந்தக் கட்டடங்களில் மலைநாட்டு உடை, நகை, வீட்டுப் பொருள்கள் கொண்ட நாட்டார் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. இப்பகுதி மக்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள உதவும். கால் மணி நேரம் போதும். நடந்து வரும் பாதைதான் அதைவிடச் சிறப்பு.

வளாகத்தில் பல இடங்களில் வெள்ளைப் பரப்பில் ஒரு சிவப்பு வட்டம், அதற்குள் மூன்று சிவப்புப் புள்ளிகள் என்று ஒரு சின்னம் கண்ணில் படும். போர்க்காலத்தில் அருங்காட்சியகம், பள்ளி, கோயில், நூலகம் ஆகியவற்றின்மேல் ஏற்றி அவற்றைக் குண்டுகளிலிருந்து காக்க ரோரிக் வடிவமைத்த அமைதிக் கொடி இது. மருத்துவமனைக்குச் செஞ்சிலுவை எப்படியோ, பண்பாட்டுக்கு இது. 1935 ஏப்ரல் 15 அன்று வாஷிங்டனில் வெள்ளை மாளிகையில் அமெரிக்கக் கண்டத்தின் 21 நாடுகள் இதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்த மலைச்சரிவில் குடியிருந்த ஒருவரின் யோசனை அது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த வரலாற்றை அறிந்த தமிழருக்கு இந்தக் கொடியின் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இறங்கும் வழியில்

மதியம் கோட்டையை நோக்கி நடந்து இறங்குங்கள். ரோரிக் இல்லத்துக்கும் மேலே தாவா என்ற இடத்தில் முரளிதர் கோயில் இருக்கிறது. கால் வலு உள்ளவர்கள் முதலில் அதை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கலாம். சாலையோரமாக வரும் திரிபுரசுந்தரி கோயில் மூன்று அடுக்குக் கூரை கொண்ட மரக்கோயில். கோயில் என்றால் கருங்கல் என்று பழகிய நம் கண்ணுக்கு, பலகைக் கூரைகள் மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போவது புதிதாக இருக்கும். கோட்டைக்குக் கீழே உள்ள கௌரிசங்கர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சிறியது, முழுவதும் கல், நுணுக்கமான வேலைப்பாடு. இந்த மலைக் கோயில்கள் சிலவற்றில் தோல் பொருள்களோடு நுழையக் கூடாது, சிலவற்றில் வெளியூர்க்காரர்கள் தொடக்கூடாத எல்லை இருக்கும். பூசாரியையோ பக்கத்து வீட்டுப் பெரியவரையோ முதலில் கேட்டுவிடுங்கள். "ஜி" சேர்த்துப் பேசினால் அன்பாகச் சொல்வார்கள்.

கோட்டைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். நக்கர் பல நூற்றாண்டுகள் குலு அரசின் தலைநகரமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் மன்னர் ஜகத் சிங் காலத்தில் தலைநகரம் இன்றைய குலுவுக்கு மாறியது. குலு தசராவின் நாயகரான ரகுநாதர் சிலை அயோத்தியிலிருந்து வந்ததும் அவர் காலத்தில்தான். கோட்டைச் சுவரை மிக அருகே போய்ப் பாருங்கள். ஒரு வரிசை கல், அதன்மேல் தேவதாரு உத்தரம், மறுபடி கல், மறுபடி மரம். இடையில் சாந்தே கிடையாது. மூலைகளில் உத்தரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து நிற்கும். காட்குணி என்று இம்முறையைச் சொல்கிறார்கள். நிலம் அதிரும்போது கற்கள் சற்று நகர்ந்து கொடுக்க, மரம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். 1905 ஏப்ரலில் காங்க்ரா நிலநடுக்கம் சுற்றுவட்டாரத்தை நொறுக்கியபோது இந்தக் கோட்டை தாக்குப்பிடித்ததற்கு இதுவே காரணம். உள்முற்றத்தில் ஜகதிபட் என்ற சிறு சன்னிதி. தேன்கூட்டமாக மாறிய தேவர்கள் தூக்கிவந்ததாக ஊரார் நம்பும் ஒரு கற்பலகைக்கு அங்கே வழிபாடு நடக்கிறது.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை. ராஜ்மா சோறு எங்கும் கிடைக்கும். சித்து என்ற பலகாரத்தைத் தவறவிடாதீர்கள். புளிக்க வைத்த கோதுமை மாவுக்குள் வால்நட், கசகசா போன்ற பூரணத்தை வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். சூடாகப் பிளந்து அதன்மேல் நெய் ஊற்றித் தருவார்கள். கேட்ட பிறகுதான் வேகவைப்பார்கள் என்பதால் அரை மணி நேரம் காத்திருக்க நேரும். மேலே ஏறும்போதே கடையில் சொல்லிவிட்டு, இறங்கும்போது சாப்பிடுங்கள். ஆற்று மீன் விரும்புகிறவர்கள் ட்ரவுட் கேட்கலாம். இட்லி, தோசை தேடி அலைய வேண்டாம். குழந்தைகளுக்குத் தயிர்சாதம்தான் வேண்டும் என்றால் சோறும் தயிரும் தனித்தனியாக வாங்கிப் பிசைந்துகொள்ளலாம். ஊறுகாய் மட்டும் வீட்டிலிருந்து.

இரண்டாம் நாள் கையில் இருந்தால்

சந்திரகனி கணவாய்க்கு ஏறும் பாதையில் இருக்கும் ரும்சு கிராமத்துக்கு ஒரு காலைநடை போகலாம். காட்குணி வீடுகளில் இன்னும் மக்கள் வாழ்வதை அங்கே பார்க்கலாம். வீட்டு முற்றங்களில் நுழையாதீர்கள், கேட்காமல் பெண்களைப் படம் எடுக்காதீர்கள். கணவாய் வரை ஏறுவது தனி மலையேற்றம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் முயல வேண்டாம். நடக்க முடியாதவர்கள் டாக்சியில் ஜானா அருவிக்குப் போய்வரலாம். குலு சால்வை வாங்க நினைத்தால் நெசவாளர் கூட்டுறவுக் கடைகளில் வாங்குங்கள். கையால் நெய்ததா, எந்தக் கம்பளி என்று தயங்காமல் கேளுங்கள்.

திரும்பும்போது டெல்லி வால்வோவை மணாலியில் ஏறுவதாகப் பதிவு செய்துவிட்டு மீண்டும் வடக்கே போய் அலையாதீர்கள். ஏறுமிடம் பத்லிகுல் என்றே டிக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். நக்கரிலிருந்து கீழே இறங்க டாக்சியை மதியமே பேசி வைத்துவிடுங்கள்; மாலையில் அங்கே வண்டிகள் குறைவு. மலைச்சாலை வளைவுகள் இருட்டில் வயிற்றைப் புரட்டும் என்பதால், வாந்தி வரும் வழக்கம் உள்ளவர்கள் இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கி, மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.